ஆட்டின் வயிற்றில் இருந்த சோறு

சாலம்மாளிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் எங்கள் தெருவில் ஒரு முறை உண்டு. முதலில் அவள் திட்டி முடிக்கும்வரை நிற்க வேண்டும். அதன்பிறகு வந்த விஷயத்தைச் சொல்லலாம். ரேஷன் கடைக்காரர் வரிசையைப் பார்க்காமல் அவளுக்கு முதலில் அளந்து கொடுத்து அனுப்பிவிடுவார். அது மரியாதையால் அல்ல. அவள் வரிசையில் நின்றால் போன மாத மண்ணெண்ணெயில் தண்ணீர் இருந்த கதையை எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்துவிடுவாள்.

மரக்காணம் உப்பளத்தில் சின்ன வயதிலிருந்து கூடை சுமந்தவள் அவள். இடையஞ்சாவடியில் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை. புருஷன் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டபோது, ஒரு தகரப்பெட்டியோடு தம்பி கலியனின் வீட்டுக்கு வந்துவிட்டாள். கலியன் உப்பு லாரியில் லோடுமேன். அவன் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டு, இரண்டு ஆடு வளர்த்துக்கொண்டு, பழையபடி உப்பளத்துக்குப் போனாள். இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு முள்வேலி. அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து.

கலியனின் மனைவி ஜெயாவும் உப்பளத்தில்தான் வேலை செய்தாள். ஒருநாள் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் எல்லாப் பெண்களும் நிற்கும்போது சாலம்மாள் மேஸ்திரியிடம், "எந்தம்பி பொண்டாட்டி கூடைல உப்ப தூக்கினு வரல, காத்த தூக்கினு வர்றா" என்றாள். மேஸ்திரிகூடச் சிரித்துவிட்டார். ஜெயா அதை மன்னிக்கவே இல்லை. அதிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. சாலம்மாள் தன் ஆட்டைப் பார்த்துப் பேசுவாள். ஜெயா தன் கோழியைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். தெருவுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

ஜெயாவுக்கு ஒரே பெண், சங்கீதா. இதை எழுதக் காரணமே அவள்தான்.

உப்பளத்தில் வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் குவியலில் கொட்டியாக வேண்டும். அதனால் பெண்கள் இருட்டிலேயே போய்விடுவார்கள். கிளம்புவதற்கு முன் பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுப் பிசைந்து, தட்டால் மூடி வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் எழுந்து அதைச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போக வேண்டும். தாய் திரும்பி வரும்போது சட்டி காலியாக இருந்தால் பிள்ளை சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். யாரும் அதற்குமேல் கேட்டதில்லை.

2004 டிசம்பரில் கடல் பொங்கியது. எங்கள் தெரு கடலிலிருந்து தள்ளி இருப்பதால் எங்களுக்கு வீடு போகவில்லை. குப்பங்களில் ஆட்கள் செத்துப்போனார்கள். அலை கழிமுகம் வழியாக ஏறி உப்பளத்துக்குள்ளும் வந்து, பாத்திகளைச் சேறாக்கிவிட்டுப் போனது. அந்தச் சேற்றை வாரிய பெண்களில் ஜெயாவும் ஒருத்தி. வாரும்போது ஒரு கைக்குழந்தையின் கவுன் கிடைத்தது. அதை அவள் வீட்டில் சொன்னாள், குழாயடியில் சொன்னாள், வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். ஐந்து வயதுக்கு மேல் ஆன சங்கீதா அவள் மடியில் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

அந்த நாட்களில் மரக்காணத்தில் யாரும் மீன் வாங்கவில்லை. மீன் பிணத்தைத் தின்றுவிட்டது என்று பேச்சு. கொடுத்தாலும் வேண்டாம் என்றார்கள். பொங்கல் போய் வெயில் வந்ததும் அந்தப் பேச்சு அடங்கி, எல்லா வீட்டிலும் மறுபடி மீன் குழம்பு மணந்தது. சங்கீதா மட்டும் தொடவில்லை. ஊரே சாப்பிடாமல் இருந்தபோது அவளும் சாப்பிடவில்லை. அதனால் அவள் எப்போது தனியாக நின்றாள் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

"இன்னாடி ஜெயா, உன் பொண்ண ஐயர் வூட்ல குடுக்கப் போறியா?" என்று எதிர்வீட்டு ராசம்மாள் கேட்பாள்.

"குடுத்துட்டா போச்சு. பருப்பு சாதத்துலயே வளர்றா, செலவில்லாத புள்ள" என்பாள் ஜெயா. அவளுக்கு அதில் பெருமைதான்.

பிறகு சங்கீதா கருவாடு வேண்டாம் என்றாள். பிறகு எந்தக் குழம்பும் வேண்டாம். பிறகு ரசம். ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நெடுநேரம் மெல்லுவாள். தண்ணீர் குடிப்பாள். வயிறு வலிக்கிறது என்று எழுந்து வெளியே போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு முட்டையைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள். பகிர்ந்து சாப்பிடுகிற நல்ல பிள்ளை என்று பேர் வாங்கினாள். சர்க்கரை போட்ட டீயும் வாழைப்பழமும் மட்டும் யாரும் சொல்லாமலே வாங்கிக்கொள்வாள். அடுத்த ஜூனில் போன வருஷத்து யூனிபார்ம் அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. இந்த வருஷம் டெய்லரிடம் போக வேண்டியதில்லை என்று ஜெயா சந்தோஷப்பட்டாள்.

சாலம்மாள் இதில் கொஞ்சம் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததை அவள் சொன்ன விதம் இது. ஒருநாள் வேலி ஓரம் நின்று ஆட்டிடம், "பாத்தியா, பக்கத்து வூட்ல பெத்த புள்ளைய காய போட்டுட்டு உப்பு சொமக்கறாளுங்க. நீ குடுத்து வச்சவ, உனக்கு தழையாச்சும் கெடைக்குது" என்றாள்.

ஜெயா கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தாள். "புள்ள பெறாதவளுக்கு புள்ள சோத்த பத்தி இன்னா தெரியும்" என்று கோழியிடம் சொன்னாள்.

தெருவில் அன்று யாரும் சிரிக்கவில்லை. சாலம்மாள் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பின் அந்தப் பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

2006 மாசியில் சாலம்மாளின் பெரிய ஆடு செத்துப்போனது. சினை ஆடு. அவள் உப்பளத்திலிருந்து வந்து பார்த்தபோது வயிறு பறைபோல் ஊதி வேலி ஓரம் கிடந்தது. கறி வெட்டுகிற சிங்காரத்தைக் கூப்பிட்டு வயிற்றைக் கிழிக்கச் சொன்னாள். உள்ளே முழுக்கச் சோறு. புளித்து நுரைத்த சோறு. ஆட்டுக்குச் சோறு ஆகாது என்பது ஆடு வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். சாலம்மாள் அதை இரண்டு கையாலும் ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு வேலிச் சந்தில் நுழைந்து, ஜெயாவின் வாசலில் கொட்டினாள். பல மாதத்துக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசினாள்.

"இந்தாடி, உன் சோறு. எடுத்து உள்ள வச்சிக்க."

ஜெயா காலில் காய்ந்த உப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னா கர்மம் இது? நாத்தம் புடிச்சத வாசல்ல கொண்டாந்து கொட்றே?"

"எங்கூட்ல காலைல அடுப்பே எரியறதில்ல. என் ஆட்டு வயித்துல இத்தினி சோறு எங்கேர்ந்து வந்துச்சு?"

"உன் ஆடு எந்த வூட்ல மேஞ்சிதோ. எஞ்சட்டி காலி. எம்பொண்ணு வழிச்சி துன்னுட்டு, சட்டிய கழுவி கவுத்துட்டு குந்தினுருக்கா."

"கழுவி கவுத்தாளா? ஏழு வயசு கழுத சொல்லாமயே சட்டி கழுவுதுன்னா ஏன்னு கேக்க மாட்டியா நீ?"

சிங்காரம் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "யாரு துன்னா இன்னாக்கா, ஆடு வயிறு நெறஞ்சிதான் செத்துருக்குது" என்றான். அவனை இரண்டு பெண்களும் சேர்ந்து திட்டினார்கள். அவர்கள் ஒன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அன்று பள்ளிக்கூடம் இல்லை. சங்கீதா கதவுக்குப் பின்னால் நின்றாள். சாலம்மாள் அவளை வெளியே இழுத்து, சட்டைக் கையைத் தோள்வரை தூக்கிக் காட்டினாள். "பாருடி. என் ஆட்டுக்கால்ல இதவிட சதை இருந்துச்சு." அந்தக் கையில் பூனைமுடி போல மெல்லிய மயிர் படர்ந்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்த நானும் அப்போதுதான் பார்த்தேன்.

"நீயா போட்ட ஆட்டுக்கு?" என்று ஜெயா கேட்டாள். பெண் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். ஜெயா அவளை அடித்தாள்.

சாலம்மாளுக்கு அன்று பிள்ளைமேல் கரிசனம் எதுவும் இல்லை. அவள் ஆட்டுக்காக அழுதாள். அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும்.

அன்று சாயங்காலம் ஜெயா சோற்றைக் குழம்பு ஊற்றிப் பிசைந்து, பெண்ணை மடியில் அமுக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊட்டினாள். அவ்வளவும் வாந்தியாக வந்தது. மறுநாளும் அப்படியே. ஆடு செத்த ஆத்திரத்தில் சாலம்மாள் பிள்ளைமேல் கண் வைத்துவிட்டாள் என்று ராசம்மாள் சொன்னாள். தெருவும் அதையே சொல்ல ஆரம்பித்தது. ஜெயா கை நிறைய உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி, அதில் மூன்று முறை துப்பச் சொன்னாள். உப்பைக் கண்டதும் பெண் தலையைத் திருப்பிக்கொண்டாள். அதையும் பிடிவாதம் என்றுதான் நினைத்தார்கள்.

அடுத்து பக்கிரியிடம் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போனார்கள். பிள்ளை சாப்பிடவில்லை என்றால், தின்றது ஏதோ தொண்டையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். அதை வெளியே எடுப்பதுதான் தொக்கம். பக்கிரி உப்புத் தண்ணீரைக் கொடுத்து வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். பெண் வாயைத் திறக்கவில்லை. ஜெயா தாடையை அழுத்தித் திறந்தாள். அவர் பெண்ணின் கழுத்தில் ஒரு குழாயை வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். சின்னதாக ஒரு சக்கை. அதில் ஒரு முள்.

"மீன் முள்ளு. இதான் அடைச்சினு இருந்துச்சு. இனிமே பாப்பா நல்லா சாப்புடும்" என்றார்.

ஒரு வருஷத்துக்குமேல் மீனைத் தொடாத பிள்ளை அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து டீயும் குடிக்கவில்லை. தன் எச்சிலைக்கூட விழுங்காமல் பாவாடை நுனியில் துப்பித் துடைத்துக்கொண்டாள்.

கலியன் லோடு இறக்கிவிட்டு வந்தவன் வேலி ஓரம் நின்று, "எக்கா, எம்பொண்ணுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீ இங்க இருக்க முடியாது. சொல்லிட்டேன்" என்றான்.

"போடா" என்றாள் சாலம்மாள். ஆனால் மறுநாள் அவள் உப்பளத்துக்குப் போகவில்லை. தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு போக அவளுக்கு வேறு இடம் கிடையாது. அந்தப் பிள்ளை பிழைத்தால்தான் அவளுக்கும் அந்தக் குடிசை. வேலிச் சந்து வழியாகப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஜெயா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் சங்கீதா வாசலில் சுருண்டு விழுந்தாள். சாலம்மாள் தொட்டுப் பார்த்தாள். மாசி வெயிலில் கை கால் ஜில்லென்று இருந்தது. யாரையும் கேட்கவில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடினாள். போகிற வழியில் என்னைப் பார்த்து, "படிச்சவளாச்சே, ஆஸ்பத்திரில போர்டாச்சும் படிப்ப இல்ல? வா" என்றாள். நான் பன்னிரண்டாவதைப் பாதியில் நிறுத்தியவள். ஆனாலும் போனேன்.

பாண்டி பஸ்ஸில் கண்டக்டர், "எம்மா, பாப்பாக்கு இன்னா?" என்று குனிந்தார்.

"நீ இன்னா டாக்டரா? டிக்கெட்ட கிழி" என்றாள் சாலம்மாள்.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்கையில் போட்டார்கள். நாடி மெதுவாக ஓடுகிறது என்றார்கள். ஒரு நர்ஸ் ஊசியைக் குத்தி, பாட்டிலை மாட்டி, கன்னத்தைத் தட்டி, "உப்புத் தண்ணிதான் ஏத்தறோம் கண்ணு, தெம்பாயிடுவே" என்றார். தலையைத் தூக்க முடியாமல் கிடந்த பிள்ளை எழுந்து ஊசியைப் பிடுங்கி எறிந்தாள். படுக்கையெல்லாம் ரத்தம். சரியாக அந்த நேரத்தில்தான் ஜெயா, தெருவில் சேதி கேட்டு, கால் கழுவாமல், புடவையெல்லாம் உப்போடு உள்ளே ஓடி வந்தாள்.

"எம்பொண்ண திருடினு வந்துட்டா. இவ தொட்டாலே எம்பொண்ணுக்கு ஆவாது. வெளிய அனுப்புங்க இவள."

"நான் வெளிய போறேன். நீ வாரி வாரி ஊட்டு, வாழ்ந்துடும்."

டாக்டரம்மா இருவரையும் வாயை மூடச் சொல்லிவிட்டுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். உப்பு என்றதும் அந்த ஊசி பறந்த வேகம் அவரை உறுத்தியிருக்க வேண்டும். "உப்புன்னா பயமா?" என்று மெதுவாகக் கேட்டார். சங்கீதா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"உப்பு கடல்லேர்ந்து வருது. கடல்ல பாப்பாலாம் செத்துக் கெடந்துச்சு. அதும் கவுன அம்மா பாத்தாங்க. அத்த துன்னா நானும் உள்ள அப்புடி ஆயிடுவேன்."

ஜெயா தன் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளை. அந்தக் கையால்தான் அவள் பிசைந்து ஊட்டியிருந்தாள். மீனிலிருந்து குழம்பு, குழம்பிலிருந்து ரசம், ரசத்திலிருந்து காலைச் சோறு என்று அந்தப் பிள்ளை எதனால் ஒவ்வொன்றாக விட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாங்கள் செய்த வைத்தியம் எல்லாவற்றிலும் உப்பு இருந்தது. வைத்தியம் முடிந்த பின் அவள் தொண்டையில் முள்ளும் சேர்ந்துகொண்டது.

"எப்போலேர்ந்து சாப்பிடல?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆடு செத்ததுலேர்ந்துங்க" என்றாள் ஜெயா.

"ஆடு ஒரே நாள்ல சாவல" என்றாள் சாலம்மாள். "ஆடி மாசத்துலேர்ந்தே, நான் வேலைக்கு போவாத நாள்ல பாப்பேன், அது விடிஞ்சா வேலி ஓரமா போயி நிக்கும். அதுக்கு முன்னால கோழி துன்னுருக்கும்."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"சொன்னேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

சாலம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "ஆட்டாண்ட சொன்னேன்."

நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இது பிடிவாதம் இல்லை, வயிற்று நோயும் இல்லை. ஒரு பயம் சாப்பாட்டின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. பெரிய பெண்கள் மெலிய வேண்டுமென்று பட்டினி கிடப்பதுபோல் அல்ல இது. சின்னப் பிள்ளைக்குத் தன் உடம்பின் அழகைப் பற்றி ஒரு நினைப்பும் இருக்காது. எலும்பு தெரிகிறவரை, கையில் பூனைமுடி முளைக்கிறவரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். சாப்பிடுகிற பொருள்கள் ஒவ்வொன்றாகக் குறைவதும், ஒரு வாயை நெடுநேரம் மெல்லுவதும், சாப்பாட்டை ஒளிப்பதும், போன வருஷத்துச் சட்டை இந்த வருஷமும் சேருவதும் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். அதையெல்லாம் நாங்கள் பார்த்தோம். பார்த்துவிட்டுக் கேலி செய்தோம், மெச்சினோம், சண்டை போட்டோம்.

வாய்வழியாக முடியாதபோது மூக்கில் குழாய் விட்டுத்தான் முதலில் பால் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, அடிக்கக்கூடாது, கெஞ்சக்கூடாது, ஏமாற்றி ஊட்டக்கூடாது, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள் என்றார்கள். ஜெயாவால் இதில் ஒன்றும் முடியவில்லை. அவள் உப்பளத்தை விட்டுவிட்டு, குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் அறை பெருக்கப் போனாள். தினம் பஸ்ஸில் போய் வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உட்காருவாள். ஆனால் பெண் வாயில் வைத்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். பெண் தட்டைத் தள்ளிவிடுவாள். ஜெயாவின் கை ஓங்கும். பிறகு இருவரும் அழுவார்கள்.

சாலம்மாள் யாரையும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். உப்பளத்திலிருந்து வந்து, முழங்கைவரை தேய்த்துக் கழுவி, சமைத்து, தன் வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். கோடை விடுமுறையில் ஒருநாள் சங்கீதா வேலிச் சந்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்த, கொழம்புல உப்பு போட்டியா?"

"போட்டேன். போடாத கொழம்ப நாய்தான் துன்னும்."

"எனக்கு போடாத."

"உனக்கு யாருடி சோறு போட்டா இப்ப?"

மறுநாள் சாலம்மாள் உப்புப் போடுமுன் கொஞ்சம் எடுத்துத் தனியாக வைத்தாள். கூப்பிடவில்லை, வைத்திருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. சங்கீதா வந்து அந்தக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, நாலு பருக்கை சாப்பிட்டாள். சாலம்மாள் ரோட்டில் போகிற மணல் லாரியைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்படியே மாதங்கள் போயின. நாலு பருக்கை ஒரு கைப்பிடியாயிற்று. தெரு இதைப் பார்த்து, தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிட்டாள் என்று சாலம்மாளைப் பேசியது. ஜெயாவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் பெண்ணைத் தடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் உப்பளம் மூடிக் கிடந்த ஒரு சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். சாலம்மாள் கிண்ணத்தை வைத்துவிட்டு, "இன்னிக்கு உன் பங்குல ரெண்டு கல்லு உப்பு போட்டுருக்கேன். பாண்டி டாக்டரு போட சொல்லிச்சு. வேணான்னா எந்திரிச்சி போ. அழுது கிழுது வைக்காத, எனக்கு காது வலிக்கும்" என்றாள்.

சங்கீதா எழுந்திருக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. கிண்ணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போது பஸ்ஸிலிருந்து இறங்கி நனைந்துகொண்டே வந்த ஜெயா வேலிச் சந்தில் நின்றுவிட்டாள். என்னைக் கூப்பிட்டு, "அவளாண்ட கேளு, இன்னிக்கு ஏதாச்சும் துன்னாளான்னு" என்றாள்.

நான் வாயைத் திறக்குமுன் சாலம்மாள், "கேக்கறவளுக்கு வாயி இல்லியாமா?" என்றாள்.

ஜெயா ஒரு அடி உள்ளே வந்தாள். அவளே கேட்டாள். "துன்னாளா அண்ணி?"

"நீ இப்புடி மொறச்சினு நின்னா எவ துன்னுவா? ஒண்ணு வூட்டுக்கு போ, இல்ல அந்தாண்ட திரும்பு."

ஜெயா வீட்டுக்குப் போகவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். மழை அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் சங்கீதா ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். நெடுநேரம் மென்றாள். விழுங்கினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த வாய் எடுத்தாள்.

"திரும்பாதடி" என்றாள் சாலம்மாள், ரோட்டைப் பார்த்தபடியே.

ஜெயா திரும்பவில்லை.